எங்கட பேர் கோப்பில கிடக்கு, அவங்கட பேர்?

சில வருடங்களுக்கு முன் எங்கள் வாவிக்கரையில் ஒரு திட்டம் வரப்போவதாகக் கதை அடிபட்டது. சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லச் சட்டம் தரும் காலம் 30 வேலை நாட்கள். பிரதேச செயலகத்தில் ஒரு மேசையில் அது கிடந்தது. நானும் மாமாவும் நான்கு நாள் போய் இருந்து வாசித்தோம். வாசித்தது நான், வரைபடத்தில் கண்டல் எங்கெங்கே விடுபட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியது மாமா. கடைசியில் மீனவர் சங்கத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்து ஆட்சேபக் கடிதம் கொடுத்தோம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கம், முகவரி.

வெளியே தேத்தண்ணிக் கடையில் மாமா கேட்டார்: "மனே, எங்கட பேரெல்லாம் எழுதிக் குடுத்தாச்சு. கொம்பனிக்காரங்க ஆரோட கதைச்சாங்க, என்னத்தக் கேட்டாங்க எண்டு எங்க எழுதிக் கிடக்கு?"

எங்கேயும் இல்லை. காலநிலை, மின்சாரம், கரையோரம் பற்றிய சட்டங்கள் எழுதப்படும்போது எந்த நிறுவனம் எந்த அமைச்சரைச் சந்தித்தது என்று காட்டும் பதிவேடு நம் இலங்கையில் கிடையாது. அமெரிக்காவில் இதற்கென்று 1995இலேயே சட்டம் வந்தது. அயர்லாந்தில் 2015 முதல், யாரை, எந்த விடயமாக அணுகினோம் என்று வருடத்துக்கு மூன்று தடவை பதிய வேண்டும். யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், நல்ல சட்டம். நானே பல தடவை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அது எழுதி வைத்ததைத்தான் தரும். குறிப்பே எடுக்காத சந்திப்பை எந்தத் தகவல் அலுவலரிடம் கேட்பது?

பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரில் பேசுவதும் குறைவு. 1989இல் அமெரிக்காவில் எண்ணெய், நிலக்கரி, வாகன நிறுவனங்கள் சேர்ந்து உலகக் காலநிலைக் கூட்டணி என்று ஒரு சங்கம் அமைத்தன. பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்க வந்த கியோட்டோ உடன்படிக்கைக்கு எதிராகப் பணத்தைக் கொட்டிய அந்தச் சங்கம் 2002இல்தான் கலைந்தது. எங்கள் சங்கத்தில் ஆளாளுக்குப் பெயர் எழுதி ஒப்பமிடுகிறோம். அவர்களுக்கோ சங்கம் என்பது பெயர் தெரியாமல் நிற்கும் இடம். ஆண்டறிக்கையில் பசுமை, சங்கத்தின் வாயால் எதிர்ப்பு.

இதை உடைக்க முடியும். அவுஸ்திரேலியச் சுரங்க நிறுவனமான பிஎச்பி, பங்குதாரர்கள் கிளப்பிய கேள்விக்குப் பிறகு, தான் சேர்ந்திருக்கும் சங்கங்கள் காலநிலை பற்றி என்ன சொல்கின்றன என்று 2017இல் ஆராய்ந்து வெளியிட்டது. மறுவருடம் உலக நிலக்கரிச் சங்கத்தை விட்டு விலகியது. இயக்குநர் சபைக்கு இது தெரிந்திருக்க வேண்டும், பங்குதாரருக்குச் சொல்ல வேண்டும். நல்லாட்சி என்றால் எனக்கு அதுதான்.

பசுமைத் திட்டம் என்றால் கேள்வி வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி என்று அரசு வாக்குக் கொடுத்திருக்கிறது. வர வேண்டும், மனதார விரும்புகிறேன். ஆனால் 2022 ஜூனில் மின்சார சபைத் தலைவர், மன்னார் காற்றாலையை இந்திய நிறுவனமான அதானிக்குக் கொடுக்க இந்தியப் பிரதமரின் அழுத்தம் இருந்ததாக அப்போதைய ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று, அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் கோப் குழுவில் சொன்னார். ஜனாதிபதி மறுத்தார். தலைவரும் தன் வார்த்தையை மீளப் பெற்றுப் பதவி விலகினார். அதே வாரத்தில்தான் மின் திட்டங்களுக்குப் போட்டி விலைமனுக் கோர வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கும் சட்டத் திருத்தமும் நிறைவேறியது. எது உண்மை என்று காட்ட ஒரு பதிவேடு இருந்திருந்தால், ஒருவர் சொல்லும் மறுப்பும் தேவைப்பட்டிருக்காது.

எங்களுக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. 1978 சூறாவளியை அம்மா இன்னும் நித்திரையில் காண்கிறார். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துப் போனபோது, மத்ரஸா விட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் போனார்கள். அந்த ஒரு வெள்ளத்தை ஒரு நிறுவனத்தின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் மழையும் கடலும் மாறும் காலத்தில் கண்டல் எங்கே நிற்க வேண்டும், மண் எங்கே அள்ளலாம் என்று முடிவெடுக்கும் அறையில் யார் இருந்தார் என்று அறிய எங்களுக்கு உரிமை இருக்கிறது.

அமைச்சர்களின் சந்திப்பு நாட்குறிப்பு வெளியாக வேண்டும். இனி வரும் ஒவ்வொரு மதிப்பீட்டு அறிக்கையோடும், அதற்கு முன் நிறுவனம் யார் யாரைச் சந்தித்தது என்ற பட்டியலும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

மட்டக்களப்பு, அம்பாறை எம்பிமார் ஒவ்வொருவருக்கும் இதைக் கடிதமாக எழுதியிருக்கிறேன். கீழே மாமாவின் கையெழுத்து, அடையாள அட்டை இலக்கத்தோடு. சேர விரும்புவோர் உள்பெட்டியில் சொல்லுங்கள், திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன்.