மங்கலுக்குக் காரணம் டிஜிட்டல் அல்ல

கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் (ஆம்ப்) ஒலியை நகலெடுத்துத் தரும் டிஜிட்டல் கருவியான ப்ரொஃபைலரை மேடையில் கிட்டார் கேபினெட்டுடன், அதாவது ஸ்பீக்கர் பெட்டியுடன், இணைத்தால் ஒலி மங்கிவிடும், அது டிஜிட்டலின் இயல்பான குறை என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. மங்கல் உண்மைதான், காரணம் வேறு என்பதைப் பணிவுடன் சொல்கிறேன்.

ஸ்டூடியோ ப்ரொஃபைல், அதாவது அந்தக் கருவியில் சேமித்த ஒலி நகல், ஆம்பை மட்டும் பதிவதில்லை. அதன் கேபினெட்டும் முன்னால் வைத்த மைக்கும் அதற்குள் இருக்கின்றன. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தணிந்துவிடும். அந்தத் தணிப்பு ப்ரொஃபைலுக்குள் ஒருமுறை, மேடையிலுள்ள நிஜக் கேபினெட்டில் மறுமுறை. இரண்டு கம்பளிக்குள் பேசினால் எந்தக் குரல்தான் தெளிவாகக் கேட்கும்?

நீங்களே சோதிக்கலாம். ஒலியளவை மாற்றாமல் ஒரே கார்டை (ஸ்வரக் கூட்டை) மீட்டுங்கள்; ப்ரொஃபைலுக்குள் இருக்கும் கேபினெட் பகுதியை அணைத்து மீண்டும் மீட்டுங்கள். பிக் கம்பியில் படும் கூர்மை உடனே திரும்பி வரும். வீட்டில் ஹெட்ஃபோனில் இதற்கு நேர்மாறு: அணைத்தால் ஒலி குளவி போல இரையும், அங்கே அந்தக் கேபினெட் பகுதி அவசியம். கெம்பர் நிறுவனத்தின் ப்ரொஃபைலரில், மேடைக் கேபினெட்டுக்குப் போகும் மானிட்டர் வெளியீட்டுக்கு மட்டும் கேபினெட்டை அணைக்கும் வசதி உண்டு. அரங்க ஒலிபெருக்கிக்குப் போகும் முதன்மை வெளியீடு மாறாது. நல்ல கருவியை விற்றுவிடும் முன் அந்த ஒரு தெரிவைப் பாருங்கள்.