இறக்கத்தில் உருண்டு வந்ததற்கு இத்தனை படமா?

போன வாரம் நான் போட்ட சைக்கிள் பயணப் படங்களுக்குக் கீழே நண்பர் ஒருவர், "ஏத்தமே இல்லாம எண்பது கிலோமீட்டர் உருட்டிக்கிட்டு வந்ததுக்கு இத்தனை படமா?" என்று கேட்டிருந்தார். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அவர் ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாயைச் சைக்கிளில் ஏறியவர். பிராட் ஊர்ப் பக்கமிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 2,757 மீட்டர். லேசுப்பட்ட காரியம் இல்லை. என் முட்டிக்கு இந்த ஜென்மத்தில் அது வாய்க்காது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத வரவில்லை. அதனால் இந்த நீளப் பதிவு.

நாங்கள் போனது அதே மலையின் காலடியில் இருக்கும் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு. இத்தாலியின் வடக்கு ஓரம், தெற்கு டிரோல். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து கைமாறிய பகுதி என்பதால் ஊர்க்காரர்கள் பேசுவது ஜெர்மன், பெயர்ப் பலகைகளில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பெயர். எல்லையில் ரெஷன் கணவாய். அங்கே எட்ச் என்கிற ஆறு ஒரு சின்ன ஊற்றாகப் பிறக்கிறது. கடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் 410 கிலோமீட்டர் ஓடி, இத்தாலியின் இரண்டாவது நீளமான ஆறாகிவிடுகிறது. அதன் கூடவே மெரான் நகரம் வரை ஒரு சைக்கிள் பாதை. மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கிளம்பினால் கீழே 325 மீட்டருக்கு வந்துவிடலாம். ஓர்ட்லர் சிகரத்துப் பனியைப் பார்த்துக்கொண்டு காலையில் புறப்பட்டு, சாயங்காலம் பனைமரம் நிற்கிற ஊரில் ஐஸ்கிரீம் சாப்பிடலாம்.

என் மனைவிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாமல் இல்லை. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனாள். இப்போது இருக்கும் மியூனிக்கில் மட்டும் சைக்கிளைத் தொடவே மாட்டாள். பின்னால் வண்டி வருகிற சத்தம் கேட்டதுமே தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறிவிடும், கைப்பிடியை இறுக்கிக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவாள். இந்தப் பயணத்துக்கும் "எனக்காக நீங்க அங்கங்க நிக்க வேண்டியிருக்கும், பாத்துக்கோங்க" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

மால்ஸ் ஊரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். ட்ரெய்லர் பூட்டிய வேன் ஒன்று எங்களையும் சைக்கிள்களையும் மேலே ரெஷன் ஏரிக்கரையில் இறக்கிவிட்டது. நடுத்தண்ணீரில் ஒரு மணிக்கூண்டு நிற்கும் அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். மின்சாரத்துக்காக 1950ல் தண்ணீர் தேக்கியபோது கிரௌன் ஊர் மூழ்கியது. 163 வீடுகளை இடித்தார்கள், தேவாலயத்தையும் இடித்தார்கள். 14ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டு மட்டும் புராதனச் சின்னம் என்பதால் தப்பியது. கரையோரம் கார்கள் நிறுத்தியிருக்கும் பக்கத்தில் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் சைக்கிள் பாதை. அங்கே வண்டியும் இல்லை, கூட்டமும் இல்லை, காற்று மட்டும்தான். "சனங்களை வெளியே அனுப்பிட்டு, கூண்டை மட்டும் பத்திரமா வச்சிருக்காங்க" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்கத் தோன்றவில்லை.

ஏரி முடிந்ததும் குளுர்ன்ஸ் வரை சரியான இறக்கம், கிட்டத்தட்ட 600 மீட்டர். இங்கே என் புத்திசாலித்தனத்தைச் சொல்லியாக வேண்டும். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்து, பாதி வழியில் டிஸ்க் தீய்கிற வாடை வந்து, புல்லில் உட்கார்ந்து அது ஆறுகிறவரை காத்திருந்தேன். நிற்க வேண்டியிருக்கும் என்றவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டுமாம். சரிவான பாலம் இறங்கிப் பள்ளிக்கூடம் போனவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

குளுர்ன்ஸ் மதில் சூழ்ந்த குட்டி நகரம். சுமார் தொள்ளாயிரம் பேர்தான் வசிக்கிறார்கள், அதற்கு மூன்று கோட்டை வாசல். காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. பாதை ஆற்றோரமாக, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே சமதளம் மாதிரியான சரிவில் போகிறது. ஒரு மணி நேரம் போயிருக்கும், திரும்பிப் பார்க்கிறேன், அவளுடைய தோள் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து ஓட்ட ஆரம்பித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துத் தோழி, செயின் கழன்ற கதை, அவள் அப்பாவின் பழைய ஹெர்குலஸ் என்று லாஸ் ஊர் வரும்வரை பேசினாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம், இதில் பாதிக் கதை எனக்குத் தெரியாது. சாலையில் ஓட்டும்போது ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், முதுகில் ஒரு காது முளைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசுவது எவ்வளவு பெரிய வசதி என்பது எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிகிறது.

லாஸ் ஊரில் நடைபாதைக்கே பளிங்கு பாவியிருக்கிறார்கள். உள்ளூர் மலையில் வெட்டிய கல். நியூயார்க்கில் உலக வர்த்தக மைய நிலையத்தின் தரையில் கிடப்பதும் இதுதான். இங்கே அதன் மேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரொட்டி தின்றோம்.

இந்தப் பள்ளத்தாக்கில் வருடத்துக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. ஆல்ப்ஸ் என்றால் பச்சைப் பசேல் என்று நினைத்திருந்த எனக்கு, வெயில் விழுகிற சரிவு நம் ஊர்க் கரடு மாதிரி காய்ந்து கிடந்தது ஆச்சரியம். அதனால் பல நூற்றாண்டுகளாக மலைத்தண்ணீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வால்'. பாதிப் பெயர் நம்முடையதுதான் என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை. நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி மாதிரி அதற்கென்று ஒரு காவல்காரர் உண்டு. தண்ணீரில் சுற்றும் ஒரு சின்னச் சக்கரம், அதில் ஒரு சுத்தியல், சுத்தியல் தட்ட ஒரு மணி. மணி அடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறது. நின்றுவிட்டால் எங்கோ அடைப்பு, அவர் கிளம்பிவிடுவார். மதியம் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் மேலே நடந்து ஒரு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அந்த டிக் டிக்கைக் கேட்டோம்.

ஆகா ஓகோ என்று மட்டும் எழுதினால் நேர்மையாக இருக்காது. வண்டியே இல்லாத பாதை என்பது முழு உண்மை இல்லை. பல இடங்களில் அது தோட்டக்காரர்களின் பாதை. செப்டம்பரில் ஆப்பிள் பெட்டி அடுக்கிய டிராக்டர் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும், ஒதுங்குவதுதான் நியாயம். மருந்தடிக்கும் பருவத்தில் தோட்டத்து வாசம் வேறு மாதிரி இருக்கும். மால்ஸ் மக்கள் 2014ல் பூச்சிக்கொல்லி வேண்டாம் என்று வாக்கெடுப்பே நடத்தினார்கள், முக்கால்வாசிப் பேர் தடைக்கு ஆதரவு. சட்டத்தில் அது நிற்கவில்லை. அப்புறம், கார்கள் ஒழிந்துபோய்விடவில்லை, பக்கத்து நெடுஞ்சாலையில் வரிசையாக நின்றுகொண்டிருக்கின்றன. அந்த வரிசையில் வெள்ளிக்கிழமை நானும்தான் நின்றேன். வண்டியில்லாப் பாதையில் சைக்கிள் ஓட்ட, வழியில் ஆஸ்திரியாவின் ஃபெர்ன் கணவாய் நெரிசலில் முக்கால் மணி நேரம் கார் ஓட்டிப் போனவன் நான். சிரிப்பதாக இருந்தால் நண்பர் இதற்குச் சிரித்திருக்கலாம்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மெரானிலிருந்து மால்ஸுக்கு 1906ல் போட்ட பாதை. லாபமில்லை என்று 1990ல் மூடிவிட்டார்கள். மாகாண அரசு அதை வாங்கிச் சரிசெய்து 2005ல் திரும்ப ஓட்டியது. ஒரு ஸ்டேஷனில் எடுத்த சைக்கிளை இன்னொரு ஸ்டேஷனில் விட்டுவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏறலாம். எழுபது வயசுப் பாட்டிகள், பின்சீட்டில் தூங்கும் குழந்தையோடு அப்பாக்கள், குட்டிச் சக்கரத்தில் உயிரைக் கொடுத்து மிதிக்கும் வாண்டுகள், இவர்களெல்லாம் அந்தப் பாதையில் இருப்பதற்குக் காரணம் இறக்கம் மட்டும் இல்லை, இந்த ரயிலும்தான். திரும்பி ஏற வேண்டியதில்லை என்ற தைரியத்தில்தான் பாதிப்பேர் கிளம்பியே வருகிறார்கள்.

ஸ்டெல்வியோவில் ஏறுகிறவர் தன்னை ஜெயிக்கிறார், சரி. அந்த 48 வளைவுகளிலும் அவர் முதுகுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டே வரும். அங்கே என் மனைவிக்கு இடமில்லை, அவர் மனைவிக்கும் இல்லை. வீட்டில் ஒருவர் மட்டும் போய் ஜெயித்துவிட்டு வருகிற பயணத்துக்கு மட்டும்தான் பயணம் என்று பெயர் என்றால், அதை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.

இதை எழுதி முடித்துவிட்டு நண்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் மனைவியிடமிருந்து என் மனைவிக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்திருந்தது. மால்ஸில் சீட்டு உயரம் குறைந்த சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.