ஆர்க்டிக் பனியும் தென்மேற்குப் பருவமழையும்: ஒரு திருத்தம்

“இந்தியாவின் பருவமழையை இப்போது தீர்மானிப்பது ஆர்க்டிக் பனிதான், எல் நினோ எல்லாம் பழங்கதை” என்று சொல்லப்படுவதில் ஓரளவு உண்மை உண்டு, பெரும்பகுதி மிகைப்படுத்தல். (எல் நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதிகள் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை; அது இந்தியப் பருவமழையைக் குறைக்கும் போக்குடையது.) கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ரஷ்யாவுக்கு வடக்கேயுள்ள காரா கடலில் கோடைக்காலப் பனிப்பரப்பு குறைவதற்கும், மத்திய இந்தியாவில் பருவத்தின் கடைசிக் கட்டத்தில், குறிப்பாகச் செப்டம்பரில், பெய்யும் மிகக் கனமழைக்கும் தொடர்பு இருப்பதாகத்தான் கூறியது. பனி விலகிய கடலிலிருந்து எழும் வெப்பம் மேல்வளிமண்டலக் காற்றோட்டத்தை மாற்ற, அந்த மாற்றம் ராஸ்பி அலைகளாக (வளிமண்டலத்தின் மிகப் பெரிய வளைவலைகளாக)த் தெற்கு நோக்கிப் பரவுகிறது; ஆனால் கொட்டுவதற்கான ஈரத்தைத் தருவது வெப்பமடைந்த அரபிக்கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மொத்த மழைக்கும் இதை நீட்டுவது, ஆய்வு சொல்லாததை அதன் வாயில் திணிப்பதாகும்.

2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனி, செயற்கைக்கோள் பதிவுகளிலேயே மிகக் குறைவாக, சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அவ்வாண்டின் பருவமழையோ சராசரிக்குக் கீழேதான் இருந்தது. 2019 செப்டம்பரின் பெருமழையைச் சான்றாகக் காட்டுவோர், அதே ஆண்டில் இந்தியப் பெருங்கடல் இருமுனை நிலை (அக்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிடச் சூடாகி, இந்தியாவில் மழையைக் கூட்டக்கூடிய நிலை) வலுவாக இருந்ததை விட்டுவிடுகிறார்கள். எல் நினோவும் தனியாட்சி நடத்துவதில்லை (1997இல் அது மிக வலுவாக இருந்தும் மழை பொய்க்கவில்லை). அதற்காக அதைப் பழங்கதை என்றால், எல் நினோ நிலவிய 2009, 2015 ஆண்டுகளின் வறட்சிக்கு வேறு விளக்கம் தேட வேண்டியிருக்கும்.