டெல்லியிடம் சுயாட்சி கேட்கிறோம், சரி. ஊராட்சிக்கு என்ன கொடுத்தோம்?

"எங்க எம்எல்ஏ ஒண்ணுமே செய்யல" என்று யாராவது சொன்னால் அடுத்த வரியைக் கவனியுங்கள். ரோடு போடவில்லை, போர்வெல் போட்டுத் தரவில்லை, சமுதாயக்கூடம் கட்டவில்லை என்றுதான் வரும். எந்த மசோதாவில் பேசினார், மானியக் கோரிக்கையில் (ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கும்போது நடக்கும் விவாதத்தில்) என்ன கேட்டார் என்று யாரும் கேட்பதில்லை. மக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக அரசுகளே நம்மை இப்படிப் பழக்கிவைத்திருக்கின்றன.

1993 ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் 73 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. குடிநீர், ஊர்ச் சாலை, சிறு பாலம், நூலகம், சந்தை என்று 29 இனங்களை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று பட்டியலே போட்டுக் கொடுத்தார்கள். அதே வருடம் டிசம்பர் 23 அன்று பிரதமர் நரசிம்ம ராவ் எம்பி தொகுதி மேம்பாட்டு நிதியை, அதாவது எம்பி தன் தொகுதி வேலைகளுக்குப் பரிந்துரைக்கும் பணத்தை, அறிவிக்கிறார். ஜூலையில்தான் அவருடைய அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. ஆளுக்கு 5 லட்சத்தில் ஆரம்பித்தது, அடுத்த வருடமே 1 கோடி, 1998 இல் 2 கோடி, 2011 இல் 5 கோடி. தமிழ்நாட்டில் எம்எல்ஏவுக்கு இப்போது வருடம் 3 கோடி. ஊராட்சி செய்ய வேண்டிய வேலையை ஒரு கையால் ஊராட்சிக்கு எழுதி வைத்துவிட்டு, அதற்கான பணத்தை இன்னொரு கையால் எம்பியிடமும் எம்எல்ஏவிடமும் கொடுத்தால் ஊராட்சித் தலைவர் என்ன செய்வார்? மனுவை எடுத்துக்கொண்டு எம்எல்ஏ அலுவலக வாசலில் நிற்பார். நிற்கிறார்.

எங்கள் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்களில் நிழற்குடையைப் பார்த்தால் இது புரியும். உறுப்பினர் பெயரும் நிதியின் பெயரும் முழு அகலத்துக்கு இருக்கும், ஊர்ப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நிழற்குடை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஊருக்கு அப்போது வேண்டியிருந்தது நிழற்குடையா, கழிவுநீர்க் கால்வாயா என்று கிராம சபையில் யாராவது கேட்டார்களா என்பதுதான் கேள்வி. கிராம சபையில் போட்ட தீர்மானம் தீர்மானப் புத்தகத்திலேயே கிடக்கும். எம்எல்ஏ பரிந்துரை வந்தால் மட்டும் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் எஸ்டிமேட் ஓடும்.

இந்த நிதி அதிகாரப் பிரிவினைக்கு (சட்டம் போடுபவர் வேறு, நிறைவேற்றுபவர் வேறு என்பதற்கு) எதிரானது என்று போட்ட வழக்கை 2010 இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை. உறுப்பினர் பரிந்துரைக்கத்தான் செய்கிறார், நிறைவேற்றுவது அதிகாரிகள் என்றது தீர்ப்பு. காகிதத்தில் அது சரி. ஆனால் அரசைக் கேள்வி கேட்க அனுப்பப்பட்டவர் அதே அரசின் மாவட்ட அதிகாரிகளிடம் "நம்ம வேலை என்னாச்சு" என்று ஃபைலுக்காக நடையாய் நடக்கும்போது அந்தக் கேள்வி எங்கே போகும்? வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007 இலேயே எம்பி, எம்எல்ஏ நிதி இரண்டையும் எடுத்துவிடச் சொன்னது. நம் ஊர்ப் பெரிய கட்சிகள் எதுவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இதற்கும் மாநில சுயாட்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மத்திய, மாநில உறவை ஆராய 1969 இல் ராஜமன்னார் குழு போட்டோம், 1974 இல் சட்டமன்றத்தில் சுயாட்சித் தீர்மானம் போட்டோம், 2025 இல் மறுபடி அதே வேலைக்குக் குரியன் ஜோசப் குழு போட்டோம். அத்தனையையும் மனதார ஆதரிக்கிறேன். செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் டெல்லி வசூலிக்கும் பணத்தில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய 2,152 கோடியை நிறுத்தி வைத்தார்களே, அதை எந்தக் கூட்டாட்சி என்று சொல்வது? இதற்காகக் கட்சி பார்க்காமல் கத்த வேண்டும்.

ஆனால் டெல்லி நமக்குச் செய்வதையேதான் சென்னை ஊராட்சிகளுக்குச் செய்கிறது. 2016 இல் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்கு ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில், அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. நகர்ப்புறத்துக்கு 2022 வரை காத்திருந்தோம். அப்புறம் 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள். ஒரு மாநில அரசைக் கலைத்துவிட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி வைத்தால் கொதிக்கிறோம். ஊராட்சியில் தேர்தல் இல்லாமல் அதிகாரி ஆண்டால் நமக்கு ஏன் ஒன்றும் தோன்றுவதில்லை? இதில் ஆண்ட கட்சி, ஆளும் கட்சி என்று வித்தியாசமே இல்லை.

பக்கத்தில் கேரளம் 1996 இல் மக்கள் திட்டம் கொண்டுவந்து திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிக்கு ஒதுக்கியது. அங்கேயும் எம்எல்ஏ நிதி இருக்கிறது, அதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. மானியக் கோரிக்கைகள் அந்தக் குழுக்களுக்குப் போகின்றன, உறுப்பினர்கள் உட்கார்ந்து துறைக் கணக்கைப் புரட்டுகிறார்கள். எம்எல்ஏவின் அதிகாரம் என்றால் எனக்கு இதுதான். 3 கோடிக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பதை விட, லட்சக்கணக்கான கோடி பட்ஜெட்டில் எந்தத் துறை எங்கே செலவு செய்தது என்று அதிகாரியை உட்கார வைத்துக் கேட்பது எவ்வளவு பெரிய அதிகாரம்!

234 தொகுதிக்கும் 3 கோடி என்றால் வருடத்துக்கு 702 கோடி. அதை அப்படியே ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் நிபந்தனை இல்லாமல் பிரித்துக் கொடுங்கள், எதற்குச் செலவு என்று கிராம சபையும் வார்டு கூட்டமும் முடிவு செய்யட்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ரோட்டைக் கேட்பதற்கு முன்னால், இந்த நிதியை விட்டுக்கொடுக்கத் தயாரா, உள்ளாட்சித் தேர்தல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் சபையில் எழுந்து கேட்பீர்களா என்று கேளுங்கள். நான் கேட்கப் போகிறேன், எந்தக் கட்சிக்காரர் வந்தாலும்.