தோவாளையில் விடிந்தாலும் டேட்டாபேசில் நேற்றுதான்

தோவாளைப் பூச்சந்தையில் காலை 4 மணிக்குப் போட்ட பில், ரிப்போர்ட்டில் முந்தின நாள் கணக்கில் போய் உட்காருகிறது. டேட்டாபேஸ் பார்ப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை; அதில் அப்போது இரவு 10.30! காலை 5.30க்கு முந்தின வியாபாரம் முழுக்க இப்படித்தான். பூ வியாபாரத்துக்கு அதுதானய்யா முக்கியமான நேரம்?

மைஎஸ்கியூஎல் டேட்டாபேசில் நேரத்தைச் சேமிக்கும் வகை ஒரு டேபிளில் டைம்ஸ்டாம்ப், இன்னொன்றில் டேட்டைம். முன்னது செஷன் டைம்சோனை, அதாவது அந்தக் கனெக்‌ஷனுக்கு வைத்த நேர மண்டலத்தைப் பார்த்து யுடிசிக்கு மாற்றிச் சேமிக்கும், எடுக்கும்போது திருப்பி மாற்றும். பின்னது கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இந்திய நேரத்தில் எழுதி யுடிசி செஷனில் படித்தால், ஒரே விற்பனைக்கு ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் இரண்டு நேரம்.

நேர மண்டலம் மாற்றும் கன்வர்ட்_டிஇசட் ஃபங்ஷனில் 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுத்தால், டைம்சோன் டேபிள்களை ஏற்றாத சர்வரில் எரர்கூட இல்லாமல் விடை காலியாக வரும். '+05:30' என்றால் வேலை செய்யும். கனெக்‌ஷன் திறந்ததுமே செஷன் டைம்சோனை செட் பண்ணித் தொலையுங்களேன்!