சூப்பில் உப்பு கூட

என் பயண நாட்குறிப்பில் ஒரு பக்கம். மேலே தேதி, அதற்குப் பக்கத்தில் இரவு 8.10 என்று நேரம். கீழே சில வரிகள்தான்: "ஜன்னலோர மேசை கிடைத்தது. சூப்பில் உப்பு கூட. மீன் பிரமாதம், இரண்டு தடவை வாங்கினேன். காலை 6.40-க்கு பஸ், சீக்கிரம் படுக்கணும்."

இதை நான் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா இறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள நேர வித்தியாசத்தைக் கழித்து, கூட்டி, மறுபடியும் கழித்துப் பார்த்துவிட்டேன். அதே இருபது நிமிடம்தான் வருகிறது. போன் அறையில் சார்ஜில் கிடந்தது. சாப்பிட்டு முடித்து, சாவகாசமாக நடந்து, ஒன்பதே காலுக்கு அறைக்கு வந்து பார்த்தால் அக்காவிடமிருந்து பதினான்கு அழைப்புகள். அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. எழுத வந்ததும் அதை அல்ல. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

அப்பா போன பிறகு என்னிடம் துக்கம் கேட்டவர்கள் எல்லாரிடமும் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்தே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. சாப்பாடே இறங்கல." கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். "பெத்த மகளாச்சே, மனசுக்குத் தெரியாமலா போகும்" என்றார்கள். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் நினைவிருந்தது. பாதி சூப்பில் கரண்டியைக் கீழே வைத்தது, ஜன்னலுக்கு வெளியே இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, நெஞ்சுக்குள் ஏதோ பிசைந்தது, எல்லாம் கண் முன்னால் அப்படியே நின்றன.

ஐந்து மாதம் கழித்து ஏதோ ஒரு ரசீதைத் தேடி அந்த நோட்டைத் திறந்தேன். மீன் பிரமாதம், இரண்டு தடவை வாங்கினேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே இரண்டாவது தட்டு மீன் கேட்டிருக்கிறேன். அது போதாதென்று, அதை மறந்து, இல்லாத ஒரு வேதனையை எனக்கு நானே சோடித்து, ஐந்து மாதமாக அதைச் சொல்லி ஆறுதலும் வாங்கியிருக்கிறேன். பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் கை போனது. ஸ்பைரல் நோட்டு. மேலே இரண்டு ஓட்டைகள் அறுந்தும்விட்டன. இழுத்த வேகத்தில் தாள் புரண்டு மறுபுறம் தெரிந்தது. அதே நாள் காலையில் எழுதியது: "அப்பாவோடு 12 நிமிடம் பேசினேன். முட்டி வலி தேவலையாம். உப்பைக் குறைத்துவிட்டாராம். நம்பவில்லை."

கிழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அந்தத் தாளை அப்படியே விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் நினைவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாளே உளவியலாளர் உல்ரிக் நைஸர், அந்தச் செய்தி உங்களுக்கு எப்படித் தெரிந்தது, எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அவரும் நிக்கோல் ஹார்ஷும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். கால்வாசிப் பேர் சொன்னதில் முக்கியமான ஒரு விவரம்கூடப் பழைய பதிலோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் பலர் தங்கள் நினைவில் அவ்வளவு உறுதியாக இருந்தார்கள். அவர்களுடைய சொந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. நடந்தது அழிந்து, அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்துவிட்டது.

இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. நான் கெட்டவள் இல்லை, மனசு வேலை செய்யும் விதமே அப்படித்தான். அப்பா சாகும்போது நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் அந்தச் சாயங்காலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்கி வைத்துக்கொண்டேன். நோட்டு மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பொய்யோடுதான் மிச்ச காலத்தையும் கழித்திருப்பேன். அதோடு "உள்ளுக்குள்ளே தெரிஞ்சும் நான் ஏன் போன் பண்ணல" என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். ஏற்கெனவே பல ராத்திரிகள் அது என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. மீன் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும். அதை எழுதி வைத்ததுதான் இன்றைக்கு என்னைக் காப்பாற்றுகிறது.

ஆகவே என் கருத்து இது. யாரையாவது இழந்தவர்களிடம் "மனசுல இருக்கறத எழுது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. 1986-இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், நாளுக்கு 15 நிமிடம் என நான்கு நாள், மனதை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி மாணவர்களை எழுதச் சொன்னார். ஆழமாக எழுதியவர்கள் பிந்தைய மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது என்று கண்டார். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிறியதாகவும், ஆளுக்கு ஆள் மாறியும் தெரிந்தது. பலன் கிடைத்தவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு அந்த வழி ஒத்துவரவில்லை. மனசில் இருப்பதை எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே நான் யாருக்கோ அழுது காட்டுவது எனக்கே தெரிகிறது. நீங்கள் எதுவும் எழுத முடியாமல் தவித்தால் சாப்பிட்டதை எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எந்த மேசையில், பக்கத்தில் யார், அடுத்த பஸ் எப்போது. மனசு பிற்பாடு திருத்தி எழுத வரும்போது இந்தச் சில்லறை விவரங்கள்தான் மசியாமல் நிற்கும்.

அந்த நோட்டில் அடுத்த பதிவு திரும்பி வரும் விமானத்தில் எழுதியது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. "தட்டு வந்தது. உப்பே தெரியவில்லை." துக்கம் நாக்கைச் சாகடித்துவிட்டது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, வானத்தில் எல்லாருக்குமே கொஞ்சம் அப்படித்தான். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்கு இறங்கிவிடும். ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு காய்ந்து வாசனை மங்கும், கூடவே இன்ஜின் இரைச்சல். இனிப்பும் உப்பும்தான் முதலில் மட்டுப்படும். அழுது அழுது மூக்கடைத்தவளுக்கு அதில் என்ன மிஞ்சும்? காரணம் தெரிந்தபோது ஏனோ ஆறுதலாக இருந்தது. எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கிலேயே எழுத வேண்டியதில்லை.

இப்போது கொஞ்சம் கோபமாக ஒன்று சொல்லவேண்டும். மூன்றாவது மாதம் அக்காதான் என்னைக் கட்டாயப்படுத்தி ஒரு பயணம் அனுப்பினாள். போன இடத்தில் ஒரு சாப்பாட்டு மேசையைப் படம் எடுத்துப் போட்டேன். நான்கூட அதில் இல்லை, வெறும் மேசை. "அப்பா போய் நூறு நாள்கூட ஆகல, அதுக்குள்ள ஓட்டல் சாப்பாடு கேக்குது" என்று உறவில் ஒருவர் சொன்னது சுற்றி வளைத்து என் காதுக்கு வந்தது. படத்தை நீக்கிவிட்டேன். நீக்கியிருக்கக் கூடாது என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்கு ஐந்து படிகள் என எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அந்த ஐந்தையும் சொன்னது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. இழந்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து அல்ல. எனக்குப் பொருந்தி வந்தது 1999-இல் உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரூபவும் ஹெங்க் ஸ்கூட்டும் சொன்ன விளக்கம். இழந்தவர் மனசு ஊஞ்சல் மாதிரி. ஒரு நேரம் இழப்புக்குள் போகும், இன்னொரு நேரம் அதை விட்டு விலகி அன்றாட வேலைக்கு, புது இடத்துக்கு, புது மனிதர்களிடம் போகும், மறுபடி திரும்பும். அந்த விலகலும் துக்கத்தின் பகுதிதான், தப்பித்து ஓடுவது இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து ஒருத்தி சாப்பிடுகிறாள் என்றால் அவள் மறந்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்த மேசையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

நடந்தது இதுதான். அப்பாவுக்கு ரத்த அழுத்தம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கீழே. வீட்டில் எப்படியோ சமாளித்துவிடுவோம். வெளியே சாப்பிடப் போனால்தான் அப்பாவுக்குக் கை துறுதுறுக்கும். பேசிக்கொண்டே இருப்பார், பார்வை எங்கேயோ இருக்கும், விரல் மட்டும் மேசைமேல் ஊர்ந்து உப்புக் குப்பியிடம் போய்ச் சேரும். அம்மா இருந்தவரை அதைத் தள்ளி வைப்பது அவள் வேலை. அவளுக்குப் பிறகு என் வேலை. உட்கார்ந்ததும் குப்பியை என் பக்கம் இழுத்து, தண்ணீர் ஜாடிக்குப் பின்னால் வைத்துவிடுவேன். "கொஞ்சூண்டும்மா" என்பார் அப்பா. நான் பேச்சை மாற்றுவேன்.

அந்த மேசையிலும் உட்கார்ந்ததும் குப்பியை இழுத்து ஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எதிர் நாற்காலி காலி. பரிமாற வந்தவர் ஜாடியை நகர்த்தும்போது குப்பியைப் பார்த்து, எடுத்து நடுவில் வைத்துவிட்டுப் போனார். நான் திரும்ப இழுத்தேன். அடுத்த தடவை வந்தவர் அதைக் கவனித்தார், தொடவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் விட்டதற்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். தனியாகச் சாப்பிடுபவர்களிடம் தயவுசெய்து யாரும் எதுவும் கேட்காதீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

போன மாதம் அக்காவும் நானும் முதல் தடவையாகச் சேர்ந்து வெளியே சாப்பிடப் போனோம். அதற்குள் அவளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடிக் கொடுத்திருந்தாள். மேசையில் உட்கார்ந்ததும் இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் உப்புக் குப்பிமேல் போய் இடித்தன. அக்கா சிரித்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குப்பி இருந்த இடத்திலேயே இருந்தது.

ராத்திரி வந்து எழுதினேன்: "9.05. அக்காவோடு சாப்பிட்டேன். உப்புக் குப்பிமேல் இரண்டு கை. சூப் சுமார்." அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"மீன எழுதலியேடி. நல்லாத்தானே இருந்துச்சு, ரெண்டு தடவ வாங்கினோம்ல."

நோட்டைத் திரும்பத் திறந்து அதையும் எழுதினேன்.