டி டிரைவில் வைத்தது பாக்கப் (காப்புப் பிரதி) ஆகாது
"படம், பத்திரம் எல்லாத்தையும் டி டிரைவுக்கு கொப்பி பண்ணினால் போதும், கணினி பழுதானாலும் பயமில்லை" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அண்ணா, விண்டோஸ் கெட்டுப்போய், அது இருக்கிற சி டிரைவை மட்டும் பார்மட் செய்தால் டி தப்பும். அதோடு சரி. அநேக வீட்டுக் கணினிகளில் சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு பகுதிகள்தான். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து பாருங்கள், இரண்டும் 'டிஸ்க் 0' என்ற ஒரே வரிசையில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் திருகோணமலையில் இடிமின்னலோடு கரண்ட் போய்ப்போய் வரும். அந்த டிஸ்க் அடிபட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

வெளியே செருகுகிற ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். எடுத்ததும் கட்டாயம் கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் என்ற வைரஸ் வந்தால் அதையும் பூட்டிவிடும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன்கள் வீட்டுக்கு வெளியிலும் இருக்கவேணும். அவற்றுக்கு கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபி தாராளம். ஆனால் சிங்க் (கணினியையும் கூகுள் டிரைவையும் தானாக ஒரேமாதிரி வைத்திருக்கும் வசதி) போட்டிருந்தால் கணினியில் அழிப்பது அங்கேயும் அழியும், அங்குள்ள குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். அதனால் அதை மட்டும் நம்பவேண்டாம். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள்.